சின்னாறு சாலையில் திரும்பத் திரும்ப பஞ்சர்

டியூபைக் குறை சொல்லாதீங்க, முள் இன்னும் டயருக்குள்ளேயேதான் இருக்கு. உடுமலையிலிருந்து மறையூர் போற வழியில் சைக்கிளில் மூணு பஞ்சர், புது டியூப் மாத்தியும் நிக்கலைங்கிறீங்க. வழியில் வர்ற சின்னாறு மழை மறைவுப் பகுதி, அதாவது மலை மறைக்கிறதால மழை குறைவு, முள்காடு. நுனி ஒடிஞ்சு ரப்பரில் தங்கிடும், வெளியே தெரியாது.

டியூபில் காற்றடிச்சு ஓட்டையைப் பாருங்க. வால்விலிருந்து அது எத்தனை தூரமோ, டயரில் அதே இடத்தில், வால்வுக்கு ரெண்டு பக்கமும், உள்ளே பஞ்சைத் தேய்ங்க. பஞ்சு சிக்குற இடம்தான் முள். அருகருகே ரெண்டு ஓட்டைன்னா முள் இல்லை. காற்று குறைஞ்சு, குழியில் இறங்கினப்போ டியூபை ரிம் கடிச்சிருக்கு.

இதைச் செக்போஸ்ட்டுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. அதைத் தாண்டினா காட்டுக்குள்ளே யானை நடமாட்டம். நடுக்காட்டில் பஞ்சரானா கழட்டி உட்காராதீங்க, வர்ற வண்டியில் ஏறிடுங்க.