திவால் நேரத்தில் நண்பர்கள் தரும் பணம்: குடியாத்தம் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். இங்கிலாந்து வந்து மூன்று வருடம், கார்டுக் கடனும் கார் கடனும் கழுத்துக்கு வந்துவிட்டது, திவால் மனு போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப் படித்த காட்பாடி நண்பர்கள் சேர்ந்து 3,000 பவுண்ட் தருகிறோம் என்கிறார்கள். வாங்கினால் அது என் கையில் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனு போடும் முன் மச்சானிடம் வாங்கிய கைமாத்தை மட்டும் அடைத்துவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

நான் இப்போது லீவில் சத்துவாச்சாரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். 2013இல் இங்கிலாந்தில் நான் நடத்திய மளிகைக் கடை மூடியபோது இதே வழியில் நானும் போனேன். அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவுசெய்து மச்சானுக்கு இப்போது ஒரு பவுண்ட்கூடத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஒரு வாணியம்பாடி நண்பர் 1,800 பவுண்ட் கைமாத்தாகக் கொடுத்திருந்தார். வங்கிக்காரனுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நம்ம ஊர்க்காரர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று, மனு போடுவதற்கு நான்கு வாரம் முன்பு கடைசியாகக் கையில் இருந்ததைத் துடைத்து அவருக்கு அனுப்பினேன். அது வங்கி ஸ்டேட்மென்டில் அப்படியே தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து டிரஸ்டியிடமிருந்து, அதாவது திவாலானவரின் சொத்தைக் கடன்காரர்களுக்காகப் பொறுப்பெடுத்துக்கொள்பவரிடமிருந்து, கடிதம் அவர் வீட்டுக்குப் போனது. மற்ற கடன்காரர்களை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்தது செல்லாது, பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள் என்று. அவர் நான்கு தவணையில் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்று அவர் வீட்டு வாசலில் நின்றது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. நீங்கள் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 1986ஆம் வருட இன்சால்வன்சி (திவால்) சட்டம். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. இந்தச் சட்டப்படி நண்பர் ஒருவருக்கு முன்னுரிமையாகக் கொடுத்தால் 6 மாதம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். உறவுக்காரர் என்றால் 2 வருடம். மனைவியின் அண்ணன், தம்பியும் அந்தக் கணக்கில் வருகிறார்கள், அதனால் உங்கள் மச்சான் தப்ப முடியாது. அதோடு, உறவுக்காரர் என்றாலே அவருக்குச் சாதகம் செய்யும் எண்ணத்தில்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது நம் பக்கத்து வேலை. அவர் பெயரையும் தொகையையும் கடன்காரர் பட்டியலில் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து டிஸ்சார்ஜ் ஆன பிறகு, அதாவது திவாலிலிருந்து விடுபட்ட பிறகு, உங்கள் சம்பாத்தியத்திலிருந்து மனதாரக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. வாணியம்பாடி நண்பருக்கு நான் அப்படித்தான் கொடுத்து முடித்தேன்.

இனி அந்த 3,000 பவுண்ட். நம்ம பக்கத்தில் கல்யாணத்தில் 500 ரூபாய் மொய் எழுதினால் நோட்டில் ஏறும், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் கொஞ்சம் சேர்த்து வைப்போம். அது கடனும் இல்லை, வெறும் அன்பளிப்பும் இல்லை. அங்கே அந்த நடுவிடம் கிடையாது. ஒன்று, கொடுத்தது கொடுத்ததுதான்; இல்லையென்றால் கடன். திவால் ஆணை வந்த பிறகு வாங்கும் கடன் திவாலில் கரையாது, முழுசாக உங்கள் தலையில் நிற்கும். 500 பவுண்ட் அல்லது அதற்கு மேல் கடன் வாங்கும்போது, டிஸ்சார்ஜ் ஆகும்வரை, நான் திவாலானவன் என்று கொடுப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நண்பராக இருந்தாலும் சொல்லாமல் வாங்குவது குற்றம். அதனால் காட்பாடிக்காரர்களிடம் இன்றே வாய்விட்டுக் கேளுங்கள், திரும்ப எதிர்பார்க்கிறீர்களா இல்லையா என்று. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

அன்பளிப்புதான் என்றாலும், எப்போது கைக்கு வருகிறது என்பதில் எல்லாம் மாறுகிறது. மனுவுக்கு முன் வாங்கி வங்கியில் வைத்தால், ஆணை வரும் நாளில் அது உங்கள் சொத்து, அப்படியே கடன்காரர்களுக்கான கணக்கில் போய்விடும். ஆணைக்குப் பிறகு, டிஸ்சார்ஜுக்கு முன் வந்தால், 21 நாளுக்குள் டிரஸ்டிக்குத் தெரியப்படுத்த வேண்டும். பெரும்பாலும் அஃபிஷியல் ரிசீவர் என்ற அரசு அதிகாரிதான் டிரஸ்டியாக இருப்பார். அவருக்கு 42 நாள் அவகாசம், வேண்டும் என்றால் எழுத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. மாதாமாதம் ஒரு தொகை என்று வந்தால் வருமானமாகவே பார்க்கப்படலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு தருவது உங்களுடையது.

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயப்படாதீர்கள். குடும்பத்துக்கு அவசியமான துணிமணி, படுக்கை, சமையல் சாமான், வேலைக்கு அவசியமான கருவிகளும் வண்டியும் சட்டத்திலேயே விலக்கு. எனக்கு ஒருவர் தன் பழைய காரைக் கொடுத்தார். இரவு ஷிஃப்டுக்குப் பஸ் இல்லை என்று எழுதிக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். என் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் போட்ட வளையலையும் அவளுடையது என்று சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். அரிசி மூட்டையோடு வாசலில் வந்து நிற்கும் நண்பரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆனால் உங்கள் பணத்தை அடுத்தவர் பெயரில் ஒளிப்பது வேறு. உங்கள் பெயரில் பள்ளிகொண்டா பக்கம் மனை ஏதாவது இருந்தால் அதையும் படிவத்தில் எழுத வேண்டும். சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் கணக்கில் வரும். அதைத் தங்கச்சி பெயருக்கு எழுதி வைக்கலாம் என்று ஊரில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சும்மாவோ, அடிமாட்டு விலைக்கோ கொடுத்ததை 5 வருடம் பின்னோக்கிப் போய்க் கேட்க முடியும். மறைத்ததாகத் தெரிந்தால், திவாலானவர் மேல் இருக்கும் கட்டுப்பாடுகள் (கடன் வாங்கும்போது சொல்லியாக வேண்டும் என்பது போன்றவை) 2 வருடம் முதல் 15 வருடம் வரை நீளும்.

அப்புறம், திவால் மனுவுக்கே 680 பவுண்ட் கட்டணம். நண்பர்களுக்கு உதவ வேண்டும் என்று இருந்தால் முதலில் இதை அவர்களே கட்டட்டும்; அது உங்கள் கைக்கே வராது, பிரச்சினையும் இல்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் மொத்தக் கடன் 50,000 பவுண்டுக்குள் என்றால், டெட் ரிலீஃப் ஆர்டர் (கடன் நிவாரண ஆணை) என்ற, திவாலைவிட எளிய வழி இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணமே இல்லை. அதற்குச் சொத்து 2,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் (சாதாரண கார் என்றால் 4,000 வரை தனியாக விடுவார்கள்), மாதச் செலவு போக 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சக் கூடாது. நண்பர்களின் 3,000 உங்கள் வங்கியில் ஏறினால் அந்தக் கதவு அன்றே மூடிவிடும். ஆகவே பணம் அவர்களிடமே இருக்கட்டும்.

திங்கட்கிழமை ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்புகளில் ஒன்றைக் கூப்பிடுங்கள். இலவசம். கட்டணம் கேட்கும் ஏஜெண்ட் யாரிடமும் போகாதீர்கள். நண்பர்கள் தருவதாகச் சொன்னதையும், மச்சான் கடனையும் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கு இது தெரிந்தால் தாங்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நம்ம ஊரில் ஐ.பி. கொடுத்துவிட்டான், மஞ்சக் கடுதாசி என்று சொன்னால் குடும்பமே தலைகுனியும், என் அப்பாவும் ஆறு மாதம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகாமல் இருந்தார். நான் தை கடைசிவரை இங்கேதான் இருப்பேன். நீங்கள் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் வந்து அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.