வனவியல் முடித்துவிட்டு நகர்ப்புற வனம், வனக் கொள்கை என்று கல்வித்துறையில் போனால் இரண்டுங்கெட்டான் ஆகிவிடுவேனா?

கேள்வி கேட்டவர் வனவியலில் முதுகலை முடித்திருக்கிறார். முனைவர் பட்டத்துக்கு நகர்ப்புற வன மேலாண்மையா, வனக் கொள்கையா என்ற தயக்கம். பேராசிரியர் வேலை கிடைக்குமா, கணக்கு நிறைய வருமா என்றும் கேட்டிருக்கிறார். பேசாமல் கடந்து போயிருப்பேன். அந்த 'இரண்டுங்கெட்டான்' என்ற சொல்தான் உட்கார வைத்துவிட்டது. பதினோரு வருடமாக நான் அதுதான்.

என் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "சாலையோரம் வரிசையாக நிற்கிற மரங்களை எந்தக் கணக்கில் காடு என்கிறீர்கள்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், என் நெறியாளர் உட்பட. நான் ஏதோ உளறினேன்.

சரியான பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. 1713-ல் காட்டைத் தொடர்ந்து பலன் தரும்படி வளர்க்க வேண்டும் என்று புத்தகம் எழுதிய ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகி. சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் தீர்ந்துவிடுமே என்ற கவலையில் எழுதியது அது. ஆக, நம் துறையின் முன்னோடியே காட்டுக்கு வெளியே இருந்து வந்தவர். 'நகர்ப்புற வனவியல்' என்ற பெயரை 1965-ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வைத்த எரிக் ஜோர்கென்சனோ மர நோய்களை ஆராய்ந்தவர். எல்ம் மரங்களைக் கொன்ற டச்சு எல்ம் நோய் அப்போது நகரங்களைக் காலி செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்து மாளாது, நகரத்து மரங்கள் மொத்தத்தையும் ஒரே கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பெயரின் உள்ளர்த்தம். எல்ம் போன இடத்தில் பல வட அமெரிக்க நகரங்கள் ஆஷ் மரத்தை வரிசையாக நட்டன. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் மரகதப் பச்சையில் ஒரு துளைப்பான் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஆஷும் போயிற்று. ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல், ஒரே பேரினம் 20-க்கு மேல், ஒரே குடும்பம் 30-க்கு மேல் நடாதீர்கள் என்று அமெரிக்க மர மரபியலாளர் சாண்டமூர் 1990-லேயே சொல்லியிருந்தார். ஆனால் அதற்குள் பெரும்பாலான ஆஷ் மரங்கள் நட்டு வளர்ந்துவிட்டன.

இதையெல்லாம் அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரா என்று இப்போதும் சில இரவுகளில் யோசிப்பேன். சரி, பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

உண்மையான பாடம் அடுத்த வேலையில்தான் வந்தது. ஒரு நகர நிர்வாகம் சில வருடங்களுக்கு முன் நட்ட கன்றுகளை மறு கணக்கெடுக்கும் திட்டத்தில் ஒப்பந்த ஆய்வாளர். அவர்கள் பட்டியலில் 'நட்டது' என்று ஒரு பத்தி இருந்தது. 'இருக்கிறது' என்று ஒரு பத்தி இல்லை. அதை நான்தான் சேர்த்தேன். அங்கேதான் பிரச்சினையே ஆரம்பம்.

மரத்தின் விட்டத்தை மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளக்க வேண்டும் (அமெரிக்காவில் 1.37; இந்த 7 சென்டிமீட்டருக்காக இரண்டு பேர் ஒரு மணி நேரம் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்). பல இடங்களில் டேப்பை எடுக்கவே தேவைப்படவில்லை. வெறும் குழி. சில இடங்களில் குழியும் இல்லை, சிமென்ட் பூசியாகிவிட்டது. முட்டுக்கழியோடு கட்டிய கயிற்றை யாரும் அவிழ்க்காததால் தண்டுக்குள் புதைந்து, மேலே காய்ந்து நின்ற கன்றுகள். ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம்: நர்சரி பிளாஸ்டிக் பையோடு அப்படியே நட்டிருந்தார்கள். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

பிழைத்திருந்த மரங்கள்தான் என்னைக் குழப்பின. மண், இனம், குழியின் அளவு என்று என் படிவத்தில் இருந்த எதுவும் அவற்றை விளக்கவில்லை. கடைசியில் புரிந்தது: தினமும் கண்ணில் படும் தூரத்தில் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். கடைக்காரர், காவலாளி, வாசலில் உட்காரும் ஒரு பாட்டி. அதற்கு என் படிவத்தில் இடமே இல்லை. எலினோர் ஆஸ்ட்ரமை அப்புறம்தான் படித்தேன். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கியவர், ஆனால் அரசியல் அறிவியல்காரர். காடு யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், விதியை வகுப்பது யார், அதைக் கண்காணிப்பது யார் என்று நாடு நாடாகப் பார்த்தவர். நான் கொள்கை பக்கம் சாய்ந்தது இப்படித்தான், மேடைப் பேச்சு கேட்டு அல்ல.

அறிக்கைக்கு வருகிறேன். 'இறந்தவை' என்ற சொல்லை மாற்றச் சொன்னார்கள். 'மாற்று நடவுக்குரியவை' என்று போடலாமே என்றார்கள். கொஞ்சம் அனுசரித்துப் போ, அடுத்த கட்ட நிதி வரும் என்றார் எங்கள் திட்டத் தலைவர். நான் மாற்றினேன். ஆமாம், மாற்றினேன். நிதி வரவில்லை. அறிக்கையும் வெளிவரவில்லை. எண்களைத் தொடவில்லை, சொல்லைத்தான் மாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

நகர நிர்வாகங்களில் மரப் பிரிவில் இருப்பவர்கள் கோபப்பட வேண்டாம். நடுவதற்குக் கிடைக்கும் பணம் தண்ணீர் ஊற்றுவதற்குக் கிடைப்பதில்லை என்று என்னிடம் புலம்பியவர்களே அவர்கள்தான். உண்மையான காட்டில் அட்டைக்கடி வாங்கி வேலை பார்ப்பவர்களும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் கஷ்டம் பெரிது, நான் மறுக்கவில்லை.

வேலை கதை சுருக்கம்தான். வனவியல் துறை நேர்காணலில் "நீங்கள் கொள்கை ஆள் மாதிரி இருக்கிறீர்கள்" என்றார்கள். பொதுக் கொள்கைத் துறையில் "நீங்கள் மரம் அளக்கிறவர்தானே" என்றார்கள். இப்போது இருப்பது புவியியல் துறையில். இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது: விண்ணப்பத்தில் முழு சுயவிவரத்தையும் பதிவேற்றச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் அதே விவரத்தை ஒவ்வொரு கட்டமாகத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் போய்விடும். ஒரு முறை என் ஆய்வுக் கட்டுரைகளை நான்கு தடவை தட்டச்சு செய்தேன். 'தேர்வாகவில்லை' என்று ஒரு வரி மின்னஞ்சல்கூட வரவில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முனைவர் பட்டத்தை நகர்ப்புற வனத்தில் செய்வேன், கொள்கையைக் கடைசி அத்தியாயமாக வைப்பேன். ஒரு மரத்தின் முன் நின்று அது ஏன் சாகிறது என்று சொல்லத் தெரிந்தவர் பிறகு சட்டம் படித்துக்கொள்ளலாம். தலைகீழாகப் போனவர்களில் நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் களத்தில் அவர்கள் ஏமாற்றப்படுவதையும் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து 3 மரம் தெரிய வேண்டும், வட்டாரத்தில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் பூங்கா என்று நகர்ப்புற வன ஆய்வாளர் கோனைனென்டைக் முன்வைத்த 3-30-300 விதி இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. உங்கள் ஆய்வு முன்மொழிவில் அதைக் கட்டாயம் கேட்பார்கள். நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக அந்த 30-ஐ எப்படி அளப்பீர்கள் என்பதை. மேலிருந்து எடுத்த படத்தில் புதரும் மரமும் ஒரே பச்சைதான்.

கணக்கு வரும். நிறைய வரும். உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு என்று ஒன்று இருக்கிறது, மருத்துவப் புள்ளியியலில் நோயாளிகள் எவ்வளவு காலம் பிழைக்கிறார்கள் என்று பார்க்கப் போடுவது. அதை முதல் வருடமே கற்றுக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வருடம் கற்றேன்.