எலி அறைக் கேள்விகள்

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் அனிமல் ஹவுஸில் வெள்ளைச் சுண்டெலிகளைப் பராமரிக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

உசிலம்பட்டி: பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கப்போகிறேன் அண்ணே. இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பட்டம் உதவும் தங்கச்சி, ஆனால் கண்ணும் விரலும்தான் வேலை பார்க்கும். காலையில் முதல் வேலை தண்ணீர் பாட்டில். குழாய் நுனியில் ஒரு குண்டு இருக்கும். கையுறை விரலால் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும். குண்டு சிக்கியிருந்தால் பாட்டில் நிறைய தண்ணீர் இருந்தும் எலி தாகத்தில் கிடக்கும். நுனி பெட்டியில் பரப்பியிருக்கும் உமியில் முட்டிக்கொண்டிருந்தாலோ விடிவதற்குள் மொத்தமும் வடிந்து பெட்டி சேறாகிவிடும். அப்புறம் வெப்பநிலை, ஈரப்பதம் குறிக்க வேண்டும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. நம்மூர் சித்திரை வெயிலில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பதும் நாம்தான். மாஸ்க் போடாமல் உள்ளே போகாதே. எலி மூத்திரத்திலுள்ள புரதம் காய்ந்து தூசியோடு மூக்கில் ஏறும். தும்மலில் ஆரம்பித்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும்.

மேலூர்: சம்பளம் எவ்வளவு?

இடத்துக்கு இடம் வேறு. ப்ராஜெக்ட் வேலையா, நிரந்தரமா என்று முதலில் கேளுங்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது.

செல்லூர்: மொட்டை மாடியில் வளர்த்துக் காலேஜ்களுக்கு விற்கலாமா?

கூடாது. விலங்குச் சோதனைகளுக்கான 1998 விதிகளின்படி ஆய்வுக்கு விலங்கு வளர்த்து விற்கப் பதிவு வேண்டும். கோழி வளருங்கள்.

திருமங்கலம்: தாய் எலி குட்டிகளைத் தின்றுவிட்டது. ஏன்?

சுண்டெலிக்குக் கர்ப்பம் 19 முதல் 21 நாள். குட்டி போடும் சமயத்தில் பெட்டியை மாற்றினீர்களா, திறந்து திறந்து எண்ணினீர்களா? தொந்தரவு ஒரு முக்கியமான காரணம். இறந்து பிறந்த குட்டியையும் தின்னும். கூட்டுக்கு டிஷ்யூ பேப்பர் முன்கூட்டியே போட்டுவிட்டு, முதல் சில நாள் தண்ணீர், தீனி மட்டும் பாருங்கள். மாஸ்க்கோடு.

திருப்பரங்குன்றம்: பெட்டி கழுவிய அன்றைக்கே ஆண் எலிகள் கடித்துக்கொள்கின்றன.

எல்லாவற்றையும் கொட்டி மாற்றுகிறீர்கள், அதுதான். பழைய கூட்டுப் பேப்பரில் ஈரமில்லாத ஒரு பிடியைப் புதுப் பெட்டியில் போடுங்கள். தெரிந்த வாடை இருந்தால் சண்டை குறையும்.

பழங்காநத்தம்: என்ன சார், அழுக்கைத் திருப்பிப் போடச் சொல்கிறீர்கள்? எங்கள் இடத்தில் டெட்டால் வாசம் வந்தால்தான் சுத்தம்.

கூட்டுப் பேப்பர் என்றேன், மூத்திரம் ஊறிய உமி என்று சொல்லவில்லை. அந்த உமியைப் போட்டால் சண்டை கூடும். டெட்டால் வாசம் உங்கள் மூக்குக்கு. எலிக்கு அது ஊர் தெரியாத இடம்.

பழங்காநத்தம்: அப்படியானால் நாற்றத்தோடு விட்டுவிடலாமா?

யார் விடச் சொன்னது? அமோனியா கண்ணில் கரிக்கும்வரை விட்டால் எலியின் மூச்சுக்குழாய் கெடும். நேரத்துக்கு மாற்றுங்கள், பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், ஒரு பிடி கூட்டை மட்டும் விடுங்கள்.

திருப்பரங்குன்றம்: போட்டும் ஒன்று மட்டும் மற்றதன் முதுகைக் குதறுகிறது.

அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கடிபட்டதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக மருந்து தடவ வேண்டாம். வளர்ந்த ஆண்களைப் புதிதாக ஒன்று சேர்க்கவே கூடாது. 21 நாளில் தாயிடமிருந்து பிரிக்கும்போதே ஒன்றாக விட்டவை ஓரளவு ஒத்துப்போகும்.

பழங்காநத்தம்: ஒரு பிடி என்றால் எத்தனை கிராம்?

தராசு வேண்டாம் தம்பி. கை இருக்கிறதே.

வாடிப்பட்டி: வண்டலூரில் புலி பார்க்கும் வேலை?

அது வனத்துறை, அங்கே விசாரியுங்கள். புலியை உள்கூண்டுக்கு மாற்றிப் பூட்டிய பிறகுதான் வெளியே பெருக்கப் போவார்கள் என்பது மட்டும் தெரியும்.

சோழவந்தான்: சம்பளம் எவ்வளவு வரும்?

மேலூருக்குச் சொன்னதுதான். மாஸ்க் போடுங்கள்.