செலீனா கூப்பர் – கடிதம்

வணக்கம்.

போர் எதிர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் வருபவர்கள் எல்லாம் பேராசிரியர்கள், கவிஞர்கள், வசதியான வீட்டுப் பெண்கள். என் அம்மா கோவையில் மில் தொழிலாளி, நூல் சுற்றும் ஒயிண்டிங் பிரிவு. கட்சி ஊர்வலங்களில் கொடி பிடித்துப் போவார். அவரைப் போன்றவர்களைப் பற்றி, ‘கூப்பிட்டார்கள், போனார்கள்’ என்றுதான் பேசுகிறார்கள். தொழிலாளிப் பெண்ணுக்குப் போரைப் பற்றிச் சொந்தக் கருத்தே இருந்திருக்காதா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

சரியான குட்டு. செலீனா கூப்பரை நான் விட்டிருக்கக் கூடாது. அவரும் ஒயிண்டிங்தான்.

1864-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். அப்பா இறந்ததும் குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே பஞ்சாலைப் பக்கம் போனது. பன்னிரண்டு வயதில் பாதி நாள் மில், பாதி நாள் பள்ளிக்கூடம். வளர்ந்து தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள், நடத்துபவர்கள் ஆண்கள். அங்கே அவர் கிளப்பிய பிரச்சினைகளில் ஒன்று, பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை. சங்கத்து ஆண்கள் நெளிந்திருப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

அப்புறம் பெண்களுக்கு வாக்குரிமை. வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பஞ்சாலைப் பெண்கள் 29,359 பேர் கையெழுத்திட்ட மனுவை 1901-இல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோன குழுவில் அவர் இருந்தார். மில் வாசலில் நின்றும் வீடு வீடாக ஏறி இறங்கியும் வாங்கிய கையெழுத்துகள் அவை.

1914-இல் முதல் உலகப் போர் வந்ததும், வாக்குரிமைப் போராட்டத்தின் எம்மலின் பாங்கர்ஸ்ட் போன்ற பெரிய தலைவியே ராணுவத்துக்கு ஆள் சேர்க்க மேடையேறினார். செலீனா ஏறவில்லை. முதல் குழந்தையைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தவர் அவர். போர்க்காலத்தில் தன் ஊரான நெல்சனில் தாய்சேய் நல மையம் அமைய உழைத்தார். ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர்கள் பக்கமும் நின்றார். 1917-இல் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சமாதான ஊர்வலம் போனார்கள். எதிர்க்கூட்டம் திரண்டு ரகளையாகி, பேச வந்த செலீனாவையும் தொழிற்சங்கத் தலைவி மார்கரெட் பாண்ட்ஃபீல்டையும் காப்பாற்றக் குதிரைப் போலீஸ் வர வேண்டியிருந்தது. சொந்த ஊரே எதிர்த்து நிற்கும் தெருவில், யாரோ கூப்பிட்டார்கள் என்பதற்காக ஆயிரம் பெண்கள் நடந்திருப்பார்களா?

1934-இல், எழுபதை நெருங்கும் வயதில், நாஜிகள் சிறைவைத்த பெண்களின் நிலையை அறிய ஒரு குழுவோடு ஜெர்மனி போனார். 1941-இல் கம்யூனிஸ்டுகள் முன்நின்று நடத்திய மக்கள் மாநாட்டை ஆதரித்ததற்காகத் தொழிற்கட்சி அவரை நீக்கியது. அப்போது வயது 76. ஹிட்லர் ஐரோப்பாவையே விழுங்கிக்கொண்டிருந்தபோது ‘மக்கள் சமாதானம்’ கேட்ட அந்த மாநாடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அதுவும் அவருடைய சொந்தக் கருத்துதான், தவறாகவே இருந்தாலும். 1946-இல் இறந்தார்.

சரி, உங்கள் அம்மா ஊர்வலம் போன நாட்களில் மில்லில் லீவு கொடுத்தார்களா, சம்பளத்தைப் பிடித்தார்களா? கேட்டு எழுதுங்கள்.