சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கு மருந்தா?

பாட்டி சொன்ன இந்த வைத்தியத்துக்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 1931இலேயே சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தது.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் நரம்பு செல்லுக்குள் குட்டிக் குட்டிப் பைகளில் சேமிக்கப்படும். ரெசர்பின் அந்தப் பைகளின் வாசலை அடைத்துவிடும். வெளியே நிற்கும் டோபமைன் சிதைந்துபோகும். 1957இல் ஸ்வீடன் விஞ்ஞானி கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்தன. உடலுக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபாவை ஊசியில் போட்டதும் எழுந்து நடமாடின! டோபமைன் குறைந்து உடல் விறைத்து நடுங்கும் பார்க்கின்சன் நோயின் சிகிச்சைக்கு வழி திறந்தது அங்கேதான்.

வீட்டில் மட்டும் வேரை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் இறங்கும், மனச்சோர்வும் வரலாம். அப்புறம், ஹண்டிங்டன் என்ற அரிய நோயில் கைகால்கள் தாமாகத் துள்ளும். அதற்கு 2008இல் அமெரிக்கா அனுமதித்த டெட்ராபெனசின் ஆய்வகத்தில் செய்த மருந்துதான், ஆனால் அடைப்பது அதே வாசலை.