திரைப்பதிவில் குரல் சேர்த்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கணக்கு மென்பொருளில் பில் போடும் முறையைப் பேசாமலேயே பதிவுசெய்துவிட்டேன். இப்போது விளக்கவுரையைச் சேர்த்தால் படத்தின் தரம் குறையுமா?

பதில்: வீடியோ எடிட்டர் மென்பொருள் வழியாக வெளியிட்டால் படம் மறுபடியும் சுருக்கப்படும், பொடி எழுத்துகளின் விளிம்பு சற்றே மங்கும். வெட்டு, ஒட்டு எதுவும் தேவையில்லை எனில், எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச நிரலைக் கொண்டு படத்தை அப்படியே நகலெடுத்து ஒலியை மட்டும் இணைக்கலாம். ஆனால் உங்கள் விளக்கம் பெரும்பாலும் சுட்டியின் ஓட்டத்தைவிட நீளமாகத்தான் இருக்கும். அதற்காகக் குரலை வேகப்படுத்தாதீர்கள். சொல்லி முடிக்கும் வரை அந்தப் பிரேமை, அதாவது அந்தக் கணத்தின் படத்தை, அப்படியே நிறுத்திவையுங்கள். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். அசல் கோப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: தொடக்கத்தில் பொருந்தும் குரல், அரைமணி நேரப் பாடத்தின் முடிவில் 1 விநாடி அளவுக்கு விலகிவிடுகிறது. ஏன்?

பதில்: கைபேசிகளும் சில திரைப்பதிவு நிரல்களும், திரையில் அசைவு குறையும்போது பிரேம்களையும் குறைத்துக்கொள்கின்றன, அந்த மாறும் விகிதத்தை நிலையானது என்று எடிட்டர் எடுத்துக்கொள்வதால் ஒலி நழுவுகிறது. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் நிரலில் நிலையான பிரேம் விகிதத்துக்கு மாற்றிய பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகும் விலகல் சீராக வளர்ந்தால், குரலைப் பதிந்த கருவியின் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடியிருக்கிறது. ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலித்தொகுப்பு நிரலில் சுருதி மாறாமல் நீளத்தைச் சற்று மாற்றினால் சரியாகும்.

கேள்வி: சத்தம் வரவில்லை. உடனே உதவவும்.

பதில்: எந்த நிரல், விண்டோஸா மேக்கா, வராதது மைக்கின் குரலா கணினியின் ஒலியா என்று எதையும் எழுதாதவருக்கு நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். 1 நிமிடச் சோதனைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு, மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: என் பாடம் வறட்சியாக இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். பின்னணியில் ஒரு திரைப்பாடலின் இசையை 30 விநாடிகள் மட்டும் சேர்க்கலாமா?

பதில்: 30 விநாடி வரை எடுத்தால் உரிமைச் சிக்கல் இல்லை என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை, அப்படி ஒரு விதி கிடையாது. யூடியூபில் உரிமையுள்ள இசையைத் தானாகத் தேடும் கன்டென்ட் ஐடி சில விநாடிகளைக்கூடக் கண்டுபிடித்துவிடும், ‘உரிமை உரியவருக்கே’ என்று கீழே எழுதிவைப்பதும் உங்களைக் காப்பாற்றாது. யூடியூபின் ஆடியோ நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. அதிலும் சிலவற்றுக்கு இசையமைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

ஆனால் உரிமையைவிட என்னை வாட்டுவது வேறு. எந்த மெனு, எந்தப் பொத்தான் என்று காதைத் தீட்டிக்கொண்டு பின்தொடரும் மாணவருக்கு, விடாமல் ஒலிக்கும் கீபோர்டு இசை என்ன நன்மை செய்கிறது? திருமண வீடியோவுக்கு இசை வேண்டும். எக்செல் பாடத்துக்கு வேண்டாம். இணைய அணுகல்தன்மைக்கான நெறிமுறையே, அதன் மிக உயர்ந்த படிநிலையில், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது; எனக்கு வரும் மாதிரிகளில் பாதிக்கு மேல் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. செவித்திறன் குறைந்தவர்களையும், பேருந்தில் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்பவர்களையும் யாரும் நினைப்பதில்லை. பாடம் வறட்சியாக இருந்தால் குறை பேச்சில் இருக்கிறது. தேவையற்ற இடைவெளிகளை வெட்டுங்கள். இசையை விடவே முடியாதென்றால் தலைப்பிலும் முடிவிலும் 5 விநாடிகள் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்கும் கணினி ஒலியும் ஒரே தடத்தில் கலந்துவிட்டன. பிரிக்க முடியுமா?

பதில்: சுத்தமாகப் பிரிக்க முடியாது. குரலை மறுபடி பேசிச் சேர்ப்பதே சுருக்கு வழி. ஓபிஎஸ் (OBS) என்ற திரைப்பதிவு நிரல் 6 ஒலித்தடங்கள் வரை தனித்தனியாகப் பதியும். அடுத்த முறை மைக்குக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று ஒதுக்குங்கள். எம்கேவி (MKV) என்ற கோப்பு வடிவில் பதிந்தால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் மிஞ்சும்; பிறகு எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். முதலில் 1 நிமிடச் சோதனை, மறவாதீர்கள்.

கேள்வி: மின்விசிறி இரைச்சலை நீக்குவது எப்படி?

பதில்: மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவது. ஏற்கெனவே பதிந்துவிட்டால், பேச்சில்லாத சில விநாடிகளை ஆடாசிட்டிக்கு மாதிரியாகக் காட்டி, 10 டெசிபல் போல மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

கேள்வி: யூடியூபில் ஏற்றிவிட்ட பாடத்தின் குரலை மட்டும், அதே இணைப்பில், புதிய பதிவால் மாற்றலாமா?

பதில்: முடியாது. அங்குள்ள எடிட்டரில் பகுதிகளை வெட்டலாம், அவர்களுடைய நூலகத்து இசையைச் சேர்க்கலாம். கோப்பை மாற்ற வழியில்லை. அசலைத் தொடாமல் வைத்திருந்தால், திருத்திப் புதிதாக ஏற்றுங்கள்.