தொட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: கோவை காஸ் வன அருங்காட்சியகத்தில் பாடம் செய்த மிருகங்களைப் பார்த்ததும் என் பையன் கையை நீட்டிவிட்டான். ‘தொடாதே’ என்று இழுத்து வந்தேன். ஆதியிலிருந்தே இந்தக் கெடுபிடி உண்டா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: கிடையாது. அந்தக் காலத்தில் போனதே தொட்டுப் பார்க்கத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1683-ல் திறந்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி ஒரு கைத்தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்வைக்குக் கனம், கையில் எடுத்தால் இறகு மாதிரி லேசு என்று எழுதிவைத்தார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவர்கள் கணக்கு. கண்ணபுரம் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது விலை பேசுவார்களா?

1710-ல் அங்கே போன ஜெர்மானியர் ஊஃபன்பாக்குக்கு இது பிடிக்கவில்லை. ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட விட்டுவிடுகிறார்கள், அவர்கள் ஓடி ஓடி எல்லாவற்றையும் பிடித்து இழுக்கிறார்கள் என்று புலம்பினார். அதில் பொருள்மேல் அக்கறை பாதி, மேட்டிமை பாதி.

அங்கிருந்த பாடம் செய்த டோடோ பறவை உளுத்துப்போய், இன்று தலையும் ஒரு காலும்தான் மிச்சம். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் பிற்பாடு தோலின் உட்புறம் ஆர்சனிக் சோப்பு பூசினார்கள். பாடம் செய்த பழைய மிருகங்களில் அந்த விஷம் மயிரிலும் தூசியிலும் இருக்கலாம். ஆகவே பையனை இழுத்தது பையனுக்கே நல்லது. வீட்டில் தாத்தா காலத்து மான் தலை தொங்கினால் வெறுங்கையால் தூசி தட்டாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் வேண்டும்.

கேள்வி: பிரிட்டிஷ் மியூசியம் தொடக்கத்திலிருந்தே இலவசமாமே?
(வாசகர், கோபி)

பதில்: 1759 ஜனவரி 15-ல் திறந்தபோதே இலவசம்தான். ஆனால் பெயர், ஊர், அந்தஸ்து எழுதிக் கொடுத்துவிட்டு, டிக்கெட்டுக்கு மறுபடி நடக்க வேண்டும். 1784-ல் பர்மிங்காம் புத்தக வியாபாரி வில்லியம் ஹட்டன் இரண்டு ஷில்லிங் அளவுக்குக் கொடுத்து ஒருவரிடம் டிக்கெட் வாங்கினார். அரை மணியில் வெளியே தள்ளிவிட்டார்கள். விளக்கம் கேட்டதற்கு, ‘எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? பெயர்தான் எழுதியிருக்கிறதே’ என்று பதில். நம் சென்னை அருங்காட்சியகம் 1851-ல் வந்தது. ஜனங்கள் அதற்கு ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் பேர் வைத்தார்கள். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் யாரும் எழுதவில்லை.

கேள்வி: தோட்டத்தில் உழும்போது பழைய காசுகள் கிடைத்தன. புளி போட்டுத் தேய்க்கலாமுங்களா?
(வாசகர், சென்னிமலை)

பதில்: வேண்டாமுங்க. புளியின் அமிலம் களிம்போடு எழுத்தையும் உருவத்தையும் தின்றுவிடும். செம்பில் கெட்டியான பச்சைக் களிம்பு ஒரு போர்வை, விட்டுவிடலாம். வெளிறிய பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது நோய்: உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. தண்ணீர் படாமல், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, காசுக்கொரு காகித உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை கூடாது. நாளாக அதுவே அமிலத்தைக் கக்கும்.

கிடைத்த இடம், ஆழம், கூடக் கிடந்த ஓடுகள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அகழாய்வு நடந்த பழைய ஊரான கொடுமணல் உங்களூர் பக்கத்தில்தான்; கோவை பக்கத்து வெள்ளலூரில் 1842-லேயே 500-க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.